வெட் புளூ என்றொரு கேசட்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யில் எட்வினைப் பார்த்தேன். உங்களுக்கு அவரை வேறு பெயரில் தெரியும். போஸ்டர்களில் வரும் அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு அதோடு பழக்கமில்லை. வெள்ளைத் தாடி, கறுப்புச் சட்டை, முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறைய விருதுகள். பேட்டி எடுத்த பெண், "சார், உங்க ஃபர்ஸ்ட் ஆல்பம் எது?" என்று கேட்டாள். ஊருக்கே பதில் தெரிந்த கேள்வி. எட்வின் கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியில் துடைத்தார், திரும்ப மாட்டிக்கொண்டார். அப்புறம்தான் அந்தப் படத்தின் பெயரைச் சொன்னார்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி, "இதுக்கு இவ்ளோ யோசிக்கணுமா?" என்றாள்.

எட்வினின் முதல் ஆல்பம் அந்தப் படம் இல்லை. அது வெறும் நாற்பது கேசட். பெயர் 'வெட் புளூ'. ஆம்பூரில் தோல் பதப்படுத்தும் ஒரு டேனரியின் மேல்மாடியில் பதிவானது. அதில் பேஸ் கிட்டார் வாசித்தவன் நான். வாசித்தது காதில் விழாது, அது வேறு விஷயம்.

டி.வி.யில் அவர். இனிமேல் இங்கே அவன். அப்படி எழுதினால்தான் எனக்குக் கை வரும்.

வெட் புளூ என்றால் என்னவென்று ஆம்பூர் பக்கம் போகாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குரோம் போட்டுப் பதப்படுத்தி, இன்னும் காயாமல் ஈரமாக இருக்கும் தோல். வெளுத்த நீலத்தில், மழைக்கு முந்தைய வானம் மாதிரி இருக்கும். பார்க்கத்தான் வானம். அதன் வாசனை சட்டையில் ஏறினால் மூன்று தோய்ப்புக்கும் போகாது. கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார். நாங்களும் அதற்குத் தயாராகவே போவோம். இப்போதும் செருப்புக் கடையில் நுழைந்தால் என் மூக்கு புதுத் தோலைத் தாண்டி, அடியில் எங்கேயோ இருக்கும் அந்த ஈரத்தைத் தேடுகிறது. கூடவே ஒரு பெண்ணின் குரலையும் தேடுகிறது. அந்த இரண்டும் எனக்குள் ஒன்றாகத்தான் கிடக்கின்றன.

எண்பதுகளின் தொடக்கம். ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஒரு கம்பெனியில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் வந்தார்கள், யார் தாமதம், யார் லீவு என்று எழுதுவது என் வேலை. எட்வின் அங்கே எலக்ட்ரீஷியன். ஞாயிறு காலையில் சர்ச்சில் கிட்டார் வாசிப்பான். விரல் நுனிகள் இரும்பு மாதிரி இருக்கும். ஷாக் அடித்தால்கூட அதற்கு உறைக்காது என்று சொல்லிச் சிரிப்பான். அன்வர் பக்கத்து டேனரியில் டிரம் ஓட்டுகிறவன். தோலை உள்ளே போட்டுச் சுழற்றும் பெரிய மரப் பீப்பாய்க்கு அங்கே டிரம் என்று பெயர். பகலெல்லாம் அந்த டிரம், சாயங்காலம் அவன் மாமா பையன் கச்சேரி செட்டில் இருந்த இன்னொரு டிரம். "என் தலையெழுத்தே உருண்டையா கீது தோஸ்த்" என்பான்.

அந்த வருஷம் ஸ்ப்ரே மிஷின் பொருத்த ஜெர்மனியிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்தார். ஒன்றரை மாதம் எட்வின்தான் அவருக்கு ஒயரிங் உதவி. கிளம்பும்போது எட்வினின் கையில் ஒரு பாட்டு கேசட்டைக் கொடுத்து, இந்த மாதிரி ராக் இசைக்கு "பங்க்" என்று பெயர் என்றாராம். எங்களுக்குத் தெரிந்த பங்க் இரண்டுதான்: பெட்ரோல் பங்க், பீடி வாங்கும் பங்க் கடை. டைம் ஆபீஸில் இருந்த என் பிலிப்ஸ் ரிக்கார்டரில் அதைப் போட்டுக் கேட்டோம். கிட்டாரில் மூன்றே கார்டு, அதாவது மூன்றே ஸ்வரக்கட்டு. பாடுகிறவன் பாடவில்லை, கத்தினான். அன்வர் காதைப் பொத்திக்கொண்டான்.

"இன்னாடா இது, தோல் சீவற ஷேவிங் மிஷின்ல பேரிங் போன மாதிரி கீது."

எட்வின் சிரிக்கவில்லை. "அதான்டா விஷயம். நம்ம கம்பெனி சத்தத்தை எவனோ பாட்டாக்கிட்டான்" என்றான். பன்னிரண்டு நாள் அதையே கேட்டான். பதிமூன்றாம் நாள் எனக்கு ஒரு பழைய கிட்டார் கொண்டுவந்து, மேலே இரண்டு கம்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு, "மச்சான், இனிமே இது பேஸ். நீ வாசிக்கற" என்றான். எனக்கு சங்கீதம் வராது என்றேன். "அதனாலதான் உன்னக் கேக்கறேன்" என்றான்.

பாடத்தான் ஆள் இல்லை.

குமுதாவைப் பற்றி எழுத இத்தனை பாரா சுற்றி வந்திருக்கிறேன். எனக்கு அது பழக்கம்.

குமுதா தையல் பிரிவில் பதினேழாம் நம்பர் மிஷின். குடியாத்தத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் வருவாள். வீட்டில் லுங்கி நெய்யும் நாலு பவர்லூம். அந்த வீட்டில் பிறந்தவர்கள் உப்பு கேட்பதென்றால்கூட நான்கு தறியின் சத்தத்துக்கு மேலே கேட்டாக வேண்டும். அதனால் அவளுக்கு மெல்லப் பேசத் தெரியாது. எங்கள் கம்பெனியில் பெண்களை மிஷின் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவது. கூப்பிடுகிறவன் நான். மைக்கில், "பதினேழு, டைம் ஆபீஸ் வரவும்." ஒருநாள் அப்படிக் கூப்பிட்டபோது நேராக வந்து என் மேஜைமேல் கையை ஊன்றினாள்.

"டைம் ஆபீஸு, எனக்குப் பேரு வெச்சிருக்காங்க. அதை நீயே ரெஜிஸ்டர்ல எழுதியும் வெச்சிருக்க. படிச்சிக் கூப்புட இன்னா பேஜாரு உனக்கு?"

அப்போது ஃபேன் ரிப்பேருக்கு ஏணிமேல் நின்றிருந்தவன் எட்வின். வேலையைப் பாதியில் விட்டு இறங்கி அவள் பின்னாலேயே ஓடினான். "நீ பாடுவியா?" என்று கேட்டிருக்கிறான். "பாட வராது. கத்துவேன்" என்றிருக்கிறாள். அவ்வளவுதான், எங்களுக்குப் பாடகி கிடைத்தாள்.

அன்வரின் டேனரியில் மேல்மாடி முழுக்கத் தோல் காயப்போடும் கூடம். காற்று வர நான்கு பக்கமும் மரச்சட்டம், உத்தரத்திலிருந்து வரிசை வரிசையாகத் தொங்கும் தோல்கள். வாட்ச்மேன் அன்வருக்கு மாமு முறை. ஞாயிறு சாயங்காலம் எங்களை விடுவார். தோலுக்கு நடுவே நின்று வாசித்தால் ஒரு அதிசயம் நடக்கும். எதிரொலியே இருக்காது. எத்தனை சத்தம் போட்டாலும் தோல் குடித்துவிடும். கீழே மாமு பீடி பிடித்துக்கொண்டிருப்பார், எங்களில் யாரோ தும்மிய அளவுக்குத்தான் அவருக்குக் கேட்கும்.

குமுதா எதையும் எழுதிக்கொள்ள மாட்டாள். எட்வின் மூன்று கார்டைச் சுற்றிச் சுற்றி அடிப்பான், அவள் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொல்வாள், அது நாலு வாரத்தில் பாட்டாக இறுகிவிடும். பாலாற்று மணல் நிறம் மாறியது பற்றி ஒன்று. பத்து நிமிஷச் சாப்பாட்டு இடைவேளை பற்றி ஒன்று, அது ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும், ஏனென்றால் "சைரன் ஊதிட்டான்." அப்புறம் அந்தப் பாட்டு.

"பதினேழு பதினேழுன்னு கூப்புடாதே
என் பேரு குமுதா
ஊசி குத்தறது எனக்கு
ஷூ மட்டும் யாருக்கோ
என் பேரு குமுதா, குமுதா, குமுதா!"

கடைசி 'குமுதா'வில் அவள் குரல் உடையும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உடையும். அன்வர் அதற்காகவே அந்த இடத்தில் கையை நிறுத்திவிடுவான். டிரம் இல்லை, கிட்டார் இல்லை, அந்த உடைந்த குரல் மட்டும் தோல்களுக்குள் போய் மறையும். நான் வாசிப்பதை மறந்துவிடுவேன். யாரும் கவனித்ததில்லை.

வேலூரிலிருந்து ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரை எட்வின் கூட்டிவந்தான். மீட்டிங்குக்கும் திருவிழாவுக்கும் மைக் கட்டுகிறவர். ஸ்பூல் ரிக்கார்டர் வைத்திருந்தார். கூடத்தில் கால் வைத்ததும் மூக்கைப் பொத்தியவர், முதல் பாட்டு முடிந்ததும் கையை எடுத்துவிட்டார். "இன்னாமா நீ, மைக்கையே பயமுறுத்துற" என்றார். ஒரே மத்தியானத்தில் எட்டுப் பாட்டு. நடுவில் ஒருமுறை கரண்ட் போனது. கரண்ட் வரும்வரை குமுதா எங்கள் மூவருக்கும் தன் டிபன் பாக்ஸிலிருந்து புளிச்சோறு பங்கு வைத்தாள். தோல் வாசனையும் புளிச்சோறும். என் வாழ்க்கையில் அதற்கு மேல் ஒரு சந்தோஷம் வந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். குழந்தைகள் பிறந்ததைச் சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஆனால் இதுவும் அதுவும் பக்கத்துப் பக்கத்தில்தான்.

கேசட்டுக்குப் பெயர் வைத்தது அன்வர். அதில்தான் வம்பு வந்தது. வேலூரில் ஒரு கேசட் கடைக்காரர் அட்டையில் 'புளூ' என்பதைப் பார்த்து முகம் சிவந்து, கேசட்டைக் கீழ்த்தட்டில் செய்தித்தாளுக்கு அடியில் வைத்தார். ரகசியமாகக் கேட்டு வாங்கிப்போன இரண்டு பேர் மறுநாளே சண்டைக்கு வந்தார்களாம். அதை நினைத்து நாங்கள் ஒரு மாதம் சிரித்தோம்.

சிரிப்பு ஒரு மாதம்தான். கம்பெனி வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் அந்தக் கேசட்டைப் போட ஆரம்பித்தார்கள். சைரன் ஊதுவதற்கு முன்னால் தையல் பிரிவுப் பெண்கள் வாசலில் நின்று கேட்டார்கள். அப்புறம் நான் மைக்கில் நம்பர் சொன்னால் ஒவ்வொருத்தியும் எழுந்து தன் பெயரைக் கத்திவிட்டு வர ஆரம்பித்தாள். நாலாம் நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"பதினேழாம் நம்பர் யாருய்யா?"

எனக்கு அவள் பெயர், அவள் அப்பா பெயர், அவள் வரும் ரயில், அவள் குரல் உடையும் இடம் எல்லாம் தெரியும். நான் சொன்னது இது: "ரெஜிஸ்டர் பாத்து சொல்றேன் சார்."

கதவுக்கு வெளியே குரல் கேட்டது. "ரெஜிஸ்டர் இன்னாத்துக்கு? நான்தான் சார். குமுதா."

அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார்கள். எட்வின் கோபத்தில் தன் வேலையையும் விட்டுவிட்டு, இரண்டு வாரத்தில் மெட்ராஸுக்கு ரயிலேறினான். கிட்டாரும் ஒரு கேசட்டும் மட்டும் கையில். கேசட்டில் பேஸ் கேட்காததால் நானும் அதில் உண்டு என்று மேனேஜருக்குத் தெரியவே இல்லை. என் வேலை தப்பித்தது. வெகுகாலம் இதை வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி எழுதப்போவதை யாரிடமும் வேடிக்கையாகச் சொன்னதில்லை. அன்வரைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதே இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்து டைம் ஆபீஸ் முகவரிக்கு எட்வினிடமிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே குமுதாவுக்கு ஒட்டாத ஒரு கடிதம், எனக்கு ஒரு துண்டுச் சீட்டு. ஒரு படத்தில் ஒரே ஒரு பாட்டுக்கு அவனுக்கு வாய்ப்பு வந்திருக்கிறது. 'என் பேரு குமுதா' பாட்டைப் போட்டுக் காட்டினானாம், அவர்களுக்கு மெட்டு பிடித்துவிட்டதாம். "அவளே பாடட்டும்னு கெஞ்சி ஒத்துக்க வெச்சிருக்கேன். அவ வீட்டு அட்ரஸ் எனக்குத் தெரியாது, நீ கொண்டுபோய்க் குடு மச்சான். வர்ற மாசம் முதல் ஞாயிறு. சென்ட்ரல்ல நானே வந்து நிக்கறேன்."

குடியாத்தத்துக்கு பாசஞ்சரில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கடிதம் வந்த வாரத்து ஞாயிறு எனக்குத் தலைவலி என்று சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த ஞாயிறு ரயிலேறினேன். குடியாத்தம் ஸ்டேஷன் ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது. டவுன் பஸ் பிடிக்க வேண்டும். பஸ் நின்றுகொண்டிருந்தது. நான் ஏறவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த ரயிலில் ஆம்பூர் திரும்பினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அவளைப் பற்றி எனக்குள் இருந்ததை நான் யாரிடமும் சொன்னவனில்லை. அவளிடம் சொல்லும் தைரியம் கனவில்கூட வந்ததில்லை. ஆனால் மெட்ராஸ் போனால் அவள் திரும்ப மாட்டாள் என்று தெரிந்தது. எட்வினோடு அவள் பெயர் சேர்ந்துவிடும் என்றும் தோன்றியது. குடியாத்தத்தில் இருந்தால், என்றைக்காவது நான் அந்த பஸ்ஸில் ஏறலாம். இவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்த்தால் இன்னும் சின்னதாகத் தெரிகிறது.

கடிதத்தைக் கொண்டுபோனபோது எட்வின் சொன்ன அந்த முதல் ஞாயிறு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. தறி ஓடிக்கொண்டிருந்தது. குமுதா மோட்டாரை நிறுத்திவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"இது எப்ப வந்திச்சி?"

"போன மாசம்."

"அப்ப நீ ஏன் இப்ப வர்ற?"

"லீவு கெடக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். "லீவு எழுதறவனே நீதானே, டைம் ஆபீஸு?"

அவள் அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். அதை முழுக்கக் குடித்தேன். ஏன் குடித்தேன் என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. குமுதா கடிதத்தை நாலாக மடித்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மோட்டாரைப் போட்டாள். தறி ஓட ஆரம்பித்த பிறகு என்னவோ சொன்னாள், உதடு அசைந்தது. நான்கு தறிக்கு மேலே பேசத் தெரிந்தவள் அன்று குரலை உயர்த்தவில்லை. இன்னொரு தடவை சொல் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் படம் வந்தது. பாட்டு ஊரெல்லாம் ஓடியது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். தேன் மாதிரி ஒரு குரல், வயலின்கள், ஆற்றங்கரையில் காதலர்கள். மெட்டு அதேதான். 'என் பேரு குமுதா' இருந்த இடத்தில் உன் பேரு என் பேரு என்று எதுவோ கொஞ்சல். குரல் உடைய வேண்டிய இடத்தில் ஒரு புல்லாங்குழல். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் அதைக் கேட்ட அன்வர் கையிலிருந்த டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டான்.

"பேரையே அழிச்சிட்டான் பாரு. தோஸ்தா இவன்? இனிமே அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

நான் அவனுக்குத் தலையாட்டினேன். எட்வின் எழுதிய கடிதங்களுக்கு அன்வர் பதில் போடவில்லை. சென்ட்ரலில் ஒரு நாள் முழுக்க நின்று பார்த்துவிட்டு, அவளுக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது என்று எட்வின் எனக்கு எழுதியிருந்தான். அதற்கும் நான் பதில் போடவில்லை.

குமுதாவை அதற்கப்புறம் ஒரே முறை பார்த்தேன், காட்பாடி பிளாட்ஃபாரத்தில். கல்யாணமாகி ஆந்திரா பக்கம் நகரிக்குப் போயிருந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. "அன்வர் அண்ணன் நல்லாக்கீறாரா? நீ இன்னும் அந்த ரெண்டு கம்பி இல்லாத கிட்டார் வெச்சிருக்கியா?" என்று சிரித்தாள். கடிதத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவள் வண்டி முதலில் வந்தது. எண்பதுகள் முடிவதற்குள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள் என்று யாரோ சொல்லித்தான் தெரியும். எந்த மாதம் என்றுகூட எனக்குத் தெரியாது.

நாற்பது கேசட்டில் எனக்குத் தெரிந்து ஒன்றும் மிச்சமில்லை. என்னுடையது பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டது. அன்வர் வீட்டில் இருந்ததை அவன் மகன், விவரம் தெரியாத வயதில், உள்ளேயிருந்து நாடாவாக உருவிவிட்டான். மூல ஸ்பூலை சவுண்ட் சர்வீஸ்காரர் மறு வாரமே ஒரு திருவிழா அறிவிப்புக்குப் பயன்படுத்திவிட்டார். காயப்போடும் கூடம் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். கம்பெனி கைமாறிக் கைமாறி, கடைசியில் சுற்றுச்சுவர் மட்டும் நிற்கிறது.

போன வருஷம் அன்வர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது போனேன். நுரையீரல். பேச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினான். காலை வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. அவனிடம் கடிதத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். வேப்பமரம் உட்பட.

"நாப்பது வருஷமா அவனைத் திட்டிக்கினு இருந்தேனே தோஸ்த்" என்றான்.

பிறகு, "இப்ப சொல்லி என்னை இன்னா பண்ணச் சொல்ற?" என்றான். பிறகு கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தான். "சரி, வுடு. அந்தப் பாட்டைப் பாடு. அந்தப் பொண்ணு பாட்டு."

எனக்குப் பாட வராது என்று அவனுக்குத் தெரியும். பாடினேன். அவன் கட்டில் கம்பியில் விரலால் தட்டினான். 'குமுதா, குமுதா, குமுதா' வரைக்கும் வந்தோம். அந்த இடத்தில் அவன் விரல் நின்றது. பிறகு இரண்டாவது சரணத்துக்காக மறுபடி தட்ட ஆரம்பித்தான்.

எனக்கு வரவில்லை. முதல் வார்த்தைகூட வரவில்லை. "நீ சொல்லு" என்றேன். அவன் உதட்டைக் குவித்தான், கண்ணை மூடினான், தலையை ஆட்டினான். அவனுக்கும் வரவில்லை. தாளம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அவள் எந்த மூச்சில் ஆரம்பிப்பாள், எந்தக் கையைத் தூக்குவாள் என்றெல்லாம் இருவருக்கும் தெரிந்தது. வார்த்தை மட்டும் இல்லை.

"ஊசிதான் வரும் தோஸ்த், அதுல" என்றான் அன்வர்.

"அது மொதல் சரணம்டா" என்றேன்.

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை நாங்கள் இரண்டு பேரும் தேடிக்கொண்டிருந்தோம்.